பிரபலங்களின் பூட்டனைத் தேடும் டிவி நிகழ்ச்சி: நம்ம ஊரில் ஏன் இல்லை?

கூலிம் வாசகர் கேட்டது, 2 அக்டோபர் 2023

பிபிசியிலும் அமெரிக்க டிவியிலும் நடிகர், பாடகர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களுடைய முப்பாட்டன் கதையைக் காட்டுகிறார்கள். போனவனும் அழுகிறான், பார்க்கிறவனும் அழுகிறான். மலேசியத் தமிழ்க் கலைஞர்களை வைத்து ஏன் ஒருத்தரும் இப்படி எடுப்பதில்லை? நூறு வருஷம் ரப்பர் தோட்டத்தில் கிடந்த கூட்டம் நாம். கதைக்கா பஞ்சம்? பணம் போட ஆள் இல்லை, அவ்வளவுதான். மறுப்பவர்கள் வாருங்கள்.

2 அக்டோபர் 2023, இரவு

மறுக்கிறேன். பணம் அப்புறம். முதலில் காகிதம் வேண்டும், அதுதான் நம்மிடம் இல்லை. நாளைக்குக் கடையில் கூட்டம் குறைந்ததும் விவரமாக எழுதுகிறேன்.

3 அக்டோபர் 2023

சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். ஃபாரம் நிரப்பிக் கொடுப்பதும் சேர்த்துத்தான் பிழைப்பு. ஐ.சி. என்ற அடையாள அட்டை, சூராட் பெரானாக் என்ற பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், சாவுப் பத்திரம் என்று இந்த வட்டாரத்துத் தோட்டத் தமிழர்களின் காகிதத்தில் பாதியாவது என் மிஷின் கண்ணாடியில் படுத்து எழுந்திருக்கும். அந்தத் தெம்பில் பேசுகிறேன்.

பிபிசி நிகழ்ச்சி 2004 அக்டோபரில் ஆரம்பித்தது. யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்ததுதான் நான். அதில் எல்லோரும் பேசுவது ஜெரெமி பேக்ஸ்மேன் வந்த பகுதியைப் பற்றி, 2006இல் வந்தது. மந்திரிகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டே வியர்க்க வைக்கிற மனுஷன் அவர். கிளாஸ்கோவில் இருந்த அவருடைய கொள்ளுப்பாட்டி பரம ஏழை. ஏழைகளுக்குக் கொடுக்கும் உதவிப் பணத்தில் பிள்ளைகளோடு காலம் தள்ளியவள். கல்யாணத்துக்கு வெளியே ஒரு பிள்ளை பெற்றாள் என்று சொல்லி அந்த உதவியையும் நிறுத்திவிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு பேக்ஸ்மேன் கண்ணைத் துடைக்கிறார்.

ஊரே அவர் அழுததைப் பற்றிப் பேசியது. எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. ஒரு ஏழைப் பெண்ணுக்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன அதிகாரி, மாட்டேன் என்பதையும் காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறான். எழுதியதை நூறு வருஷத்துக்கு மேல் யாரோ கரையானுக்குக் கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அது தயாராகக் கிடைக்கிறது.

அதோடு அங்கே பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் தொகைக் கணக்கு. 1841 முதல் வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவர் பெயரோடும் எடுத்தது கைவசம் இருக்கிறது. நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டுத் திறப்பார்கள். 1921 கணக்கு 2022 ஜனவரியில் திறந்தது.

நம் கதைக்கு வருவோம். தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். யார் வந்தான், எந்த நிரை (மர வரிசை), எத்தனை ராத்தல் ரப்பர் பால், எவ்வளவு கூலி, எல்லாம் அதில் உண்டு. அதைவிட நல்ல ஆவணம் ஏது? எங்கள் தோட்டம் கைமாறியபோது புதிதாக வந்தவர்கள் ஆபீஸ் அலமாரியை வைத்துக்கொண்டார்கள், உள்ளே இருந்த புத்தகங்களைப் பால் ஸ்டோருக்குப் பின்னால் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். அப்பா நின்று பார்த்திருக்கிறார். மழை வந்துதான் அணைந்ததாம். எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். உங்கள் தோட்டத்தைப் பற்றி விசாரித்தாலும் ஏறக்குறைய இதே கதைதான் வரும்.

3 அக்டோபர் 2023, இரவு

"அமெரிக்காக்காரனைப் பார்த்துத்தான் பிபிசி எடுத்தது" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். தலைகீழ். பிபிசி 2004, ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் 2008, அமெரிக்காவில் என்பிசி 2010. அமெரிக்கப் பதிப்பைக் கொண்டு வந்தவர் நடிகை லீசா குட்ரோ. பேராசிரியர் ஹென்ரி லூயிஸ் கேட்ஸ் பிபிஎஸ் என்ற அமெரிக்க டிவியில் நடத்துவது வேறு நிகழ்ச்சி, 2012இல் தொடங்கியது. அதில் பயணம் கிடையாது. விருந்தாளியை மேசைக்கு முன்னால் உட்கார வைத்துக் கனமான ஒரு புத்தகத்தைப் புரட்டச் சொல்வார்.

5 அக்டோபர் 2023

லூனாஸ் தம்பி எழுதியிருப்பது: "என் பூட்டன் பெரிய கங்காணி. தோட்டத்தையே கட்டி ஆண்டவர். என்னை வைத்து எடுக்கட்டும், நான் ரெடி."

தம்பி, ஹாலிவுட் நடிகர் பென் அஃப்லெக் கதை தெரியுமா? கேட்ஸ் நிகழ்ச்சியில் 2014இல் வந்தார். தேடினால் அவருடைய முன்னோரில் ஒருவர் அடிமைகளை வைத்திருந்தவர். அதைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அவர்களும் காட்டவில்லை. 2015இல் சோனி கம்பெனியின் மின்னஞ்சல்கள் கசிந்தபோது கேட்ஸ் இதைப் பற்றி ஆலோசனை கேட்டு எழுதியதும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. பிபிஎஸ் விசாரணை வைத்தது, தயாரிப்பாளர்கள் நெறிமுறையை மீறினார்கள் என்று சொல்லி அடுத்த சீசனைத் தள்ளிப் போட்டது. வெட்கமாக இருந்தது, அதனால்தான் கேட்டேன் என்றார் அஃப்லெக்.

கங்காணியும் அடிமை முதலாளியும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். ஒன்றில்லை. கங்காணியும் பால் வெட்டிய ஆள்தான். துரை அவனைச் சொந்த ஊருக்கே அனுப்பி, உறவுக்காரனையும் ஊர்க்காரனையும் கூட்டி வரச் சொன்னான். கூட்டி வந்த தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். அதற்கு மேல், கூட்டி வந்தவன் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. அப்படியானால் காய்ச்சலில் கிடப்பவனைக் கங்காணி என்ன செய்வான்? போர்வையை இழுத்துப் போட்டு எழுப்புவான். முன்பணம் கடனாக ஏறி நின்றால் தோட்டத்தை விட்டு ஓடுவதும் லேசில்லை. இதையும் சேர்த்துக் காட்ட நீங்கள் ரெடியா?

எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் உண்டு. அம்மாவின் தாத்தா கங்காணி. அவருக்குப் படம் இருக்கிறது. ஈப்போவில் எடுத்தது. கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. பக்கத்தில் ஸ்டூடியோக்காரனின் காகிதப் பூ ஜாடி. காலில் பூட்ஸ், ஆனால் கயிறு கட்டவில்லை. உற்றுப் பார்த்தால் குதிகால் பூட்ஸுக்குள் போகாமல் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நிற்கிறது. படத்துக்காக ஸ்டூடியோவில் மாட்டிவிட்டது போல. வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்த பாதம் அதற்குள் எப்படிப் போகும்?

அப்பா வழியில் கூட்டி வரப்பட்டவர்கள். ஒரு படம் கிடையாது.

இப்போது டிவிக்காரன் வந்தால் எந்தப் பக்கம் போவான்? படம் இருக்கிற பக்கம்தான். என் சந்தேகமே இதுதான். நம் ஊரில் இந்த நிகழ்ச்சி வந்தால் அது கங்காணிகள், கிராணிகள் (தோட்டத்து எழுத்தர்கள்), கடைக்காரர்கள் வரலாறாகவே வரும். காகிதமும் படமும் அவர்கள் வீட்டில்தானே தங்கின.

6 அக்டோபர் 2023

ரஜூலா கப்பல் சண்டையில் மூழ்கிவிட்டது என்று யாரோ எழுதியிருக்கிறீர்கள். ரஜூலா மூழ்கவில்லை. 1926இல் கட்டியது, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. மூழ்கியது அதோடு பிறந்த ரோனா. 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் குண்டு போட்டது, ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். எங்கள் தெருவில் இந்தியாவிலிருந்து வந்த அத்தனை கிழவர்களும் ரஜூலாவில் வந்ததாகத்தான் சொல்வார்கள். ரஜூலா தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே வந்து சேர்ந்தவர்களும் சொல்வார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

9 அக்டோபர் 2023

கூலிம்காரர் விடவில்லை. "அமெரிக்காவில் அடிமைகளுக்கு மட்டும் காகிதம் இருந்ததா? கேட்ஸ் கண்டுபிடிக்கிறாரே?" என்கிறார். நல்ல கேள்வி, இரண்டு நாளாக மண்டையைக் குடைந்தது.

அங்கே ஒரு சுவர் இருக்கிறது. 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலையான மக்களின் பெயர் முதன்முதலாக முழுசாக வருகிறது. அதற்கு முந்தின 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் மட்டும் இருக்கும். அதன் கீழே ஆண், 30 வயது, பெண், 22 வயது, இப்படியே போகும். கேட்ஸின் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால் முதலாளியின் காகிதத்துக்குள் புகுந்து தேடுகிறார்கள். அவனுடைய உயில், சொத்துப் பங்கீடு, கடன் கணக்கு. சொத்தாக எழுதப்பட்டிருப்பதால் அங்கே பெயர் இருக்கிறது.

நம் சுவர் கப்பல். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். மொரீஷியஸுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பதிவுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன, படத்தோடுகூட. தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போனவர்களுக்கு 1,52,184 வரை நம்பர் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்புகூட வருகிறது. டர்பனில் இருக்கிற ஒரு தமிழனுக்கு நம்பர் தெரிந்தால் போதும், அவனுடைய பூட்டனின் கிராமம் தெரிந்துவிடும்.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. அதற்கப்புறம் கங்காணி கூட்டி வந்தவர்களும் தாமாக வந்தவர்களும். சட்டப்படி அவர்கள் சுதந்திரக் கூலி. ஒப்பந்தமே போடவில்லை, பிறகு ஒப்பந்தத்தோடு வரும் பதிவு எங்கேயிருந்து வரும்? 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. நம் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்த நடுவில் வந்தவர்கள். அதிகமாகக் கட்டிப்போட்டவன் அதிகமாக எழுதி வைத்தான். நம்மைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினார்கள், பேர் போய்விட்டது. இதற்கு யாரை நோவது?

9 அக்டோபர் 2023, கொஞ்சம் கழித்து

இதையும் சொல்லிவிடுகிறேன். 1948 ஜூன் 16 எங்கள் ஊர்ச் சரித்திரம். எல்ஃபில் தோட்டத்தில் ஒரு துரை, இன்னொரு தோட்டத்தில் இரண்டு துரைகள், மூன்று பேரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அதிலிருந்துதான் பிரிட்டிஷ்காரன் மலாயாவில் போட்ட அவசரகாலம். மூன்று பேரின் பேர், கல்லறை எல்லாம் பத்து காஜா என்ற ஊரில் இருக்கிறது, வருஷா வருஷம் மலர் வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும், தப்பில்லை. அன்றைக்குக் காலையில் அதே தோட்டத்துப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களில் ஐந்து பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

14 அக்டோபர் 2023

இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். வெளிநாட்டு நடிகருக்குத் தாத்தாவின் பிறப்புப் பத்திரம் கிடைத்தால் கண்ணீர், கட்டிப்பிடிப்பு. என் கடைக்கு வருகிறவருக்குத் தாத்தாவின் பத்திரம் கிடைத்தால் ஐ.சி.

சட்டம் எப்படி என்றால், மெர்டேக்கா நாளிலிருந்து, அதாவது சுதந்திர நாளிலிருந்து, 1962 அக்டோபருக்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவருக்குப் பிறந்ததாலேயே குடியுரிமை. அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால், 2023இல் இருந்த சட்டப்படி, அப்பாவோ அம்மாவோ குடியுரிமை உள்ளவராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். ஆக 1959இல் தோட்டத்தில் பிறந்த ஒரு அம்மாவுக்கு, அவர் இங்கேதான், அந்த வருஷம்தான் பிறந்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் போதும். அந்தத் துண்டுதான் கிடைக்காது. லயன் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளை. தோட்ட ஆஸ்பத்திரி டிரஸர் எழுதிக் கிராணிக்குக் கொடுத்திருக்க வேண்டும், கிராணி டவுனுக்குப் போய்ப் பதிந்திருக்க வேண்டும். நடுவில் யாராவது ஒருத்தருக்கு அன்றைக்கு வேலை அதிகம் என்றால் ஒரு ஆயுள் முழுக்க நிரந்தரவாசியின் சிவப்பு ஐ.சி.தான், அதுவும் இல்லாமல் போனவர்களும் உண்டு.

அப்படி வந்த ஒரு அம்மாவுக்காக அலைந்தேன். பேர் வேண்டாம். பிறப்புக்குச் சாட்சி சொல்ல வேண்டிய மருத்துவச்சி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசியில் உதவியது தோட்டத் தமிழ்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு. நீளமான புத்தகம், முதுகில் துணி ஒட்டியது. பிள்ளையின் பேர், பிறந்த தேதி, தகப்பன் பேர், லயன் நம்பர். சிவப்பு மையில் "அம்மை, 10 நாள் வரவில்லை" என்று வாத்தியார் குறிப்பு வேறு. அந்தப் பக்கத்தை நகல் எடுக்கும்போது அந்த அம்மா மிஷினைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. காகிதத்தை எழுதிய வாத்தியாரைத்தான் கும்பிட வேண்டும், அவர் ஃபோட்டோவுக்கு எங்கே போவது?

பேரிலும் சிக்கல். வெள்ளைக்காரனுக்கு ஒரே குடும்பப் பெயர் முந்நூறு வருஷம் ஓடும், பின்தொடரலாம். நமக்கு அனாக் லெலாகி (மகன்) இன்னார், அனாக் பெரெம்புவான் (மகள்) இன்னார். தகப்பன் பேர் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். அந்த ஒரு தலைமுறையையும் கிராணி காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று பேர் ஐ.சி.யில் தகப்பன் பேர் மூன்று விதமாக இருந்ததை நானே நகல் எடுத்திருக்கிறேன். கவுண்டரில் இருக்கிற பெண், இவர்கள் உடன்பிறப்பு என்று எப்படி நம்புவது என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை.

15 அக்டோபர் 2023

"நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது" என்று எழுதிவிட்டுப் போனவருக்கு: ரிஷிக்கு ஐ.சி. கேட்க மாட்டார்கள்.

21 அக்டோபர் 2023

காகிதமே இல்லை என்று ஆரம்பத்தில் ஒரே போடாகப் போட்டேன். ஆபீஸ் காகிதம் இல்லை என்று சொன்னால் சரியாக இருக்கும். வீட்டுக் காகிதம் என்று ஒன்று இருக்கிறது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்த மொய் நோட்டைச் சொல்கிறேன்.

பெரிய அத்தை கல்யாணம், 1961. பள்ளிக்கூட நோட்டு, பின்னட்டையில் வாய்ப்பாடு. முதல் பக்கத்தில் மஞ்சளில் பிள்ளையார் சுழி, மஞ்சள் இப்போது பழுப்பாகிவிட்டது. எழுதியவர் தோட்டத்துக் கோயில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், முத்து முத்தான கையெழுத்து. வெறும் பேரும் தொகையும் என்று நினைத்துத்தான் புரட்டினேன். அப்படியில்லை. ஒரே தோட்டத்தில் ஒரே பேரில் நாலைந்து பேர் இருந்ததால் ஒவ்வொரு பேருக்கும் முன்னால் இந்தியாவில் உள்ள ஊரையும் போட்டிருக்கிறார். துறையூர், முசிறி, லால்குடி, நாமக்கல் பக்கம் ஒரு குக்கிராமம். அதற்கப்புறம் லயன் நம்பர், அதற்கப்புறம்தான் பணம், 1 வெள்ளி (டாலர்), 2 வெள்ளி. பணம் இல்லாதவர்கள் கொடுத்ததும் உண்டு: கோழி 1, தேங்காய் 6. ஒருத்தர் பெயருக்கு எதிரே "பந்தல் வேலை" என்று மட்டும்.

மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும். யார் வீட்டில் கல்யாணம் வந்தாலும் இந்த நோட்டைப் பார்த்துத்தான் போவார்கள். அதனால்தான் யாரும் இதைக் கொளுத்தவில்லை. துரை கணக்கு போனால் போகட்டும், மொய்க் கணக்கு போனால் ஊரில் தலை காட்ட முடியாது.

ஒரு வரி மட்டும் புரியவில்லை. "தங்கச்சி வீடு, சிலிம் ரிவர், ஆள் மூலம், 5 வெள்ளி." நோட்டிலேயே அதுதான் பெரிய தொகை. என் தாத்தாவுக்கு இங்கே தங்கச்சி யாரும் இருந்ததாக வீட்டில் பேச்சே இல்லை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். "முறைக்குத் தங்கச்சியாக இருக்கும்" என்றார். முறைக்குத் தங்கச்சி 5 வெள்ளியா செய்வாள்? நேரில் வராமல் ஆள் மூலமா அனுப்புவாள்? வேறு சாதிக்காரரோடு போனவளாக இருக்கலாம் என்று என் மனசு கதை கட்டுகிறது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது. அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

லூனாஸ் தம்பி, உங்களுக்கு அஃப்லெக் கதை சொன்னேன் அல்லவா, எங்கள் வீட்டில் அஃப்லெக் என் அப்பாதான்.

22 அக்டோபர் 2023

சிலிம் ரிவர் வாசகர்கள் தனியாக எழுதியதற்கு நன்றி. ஆனால் இங்கே யார் பெயரையும் போடாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

29 அக்டோபர் 2023

மரபணு சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்று மூன்று பேர் கேட்டாயிற்று. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்ப என் தங்கை மகன் பணம் கட்டினான். வந்த படத்தில் தென்னிந்தியா ஒரே நிறத்தில் அப்பிக்கிடந்தது. அதைச் சொல்ல ஆய்வுக்கூடம் எதற்கு, கண்ணாடி போதுமே என்றாள் அவன் அம்மா. தூரத்துச் சொந்தம் என்று ஒரு பட்டியலும் வந்தது. நாம் அத்தை மகள், மாமன் மகன் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் ரத்தம் பல வழியில் சுற்றி வந்து சேரும். அதனால் தூரத்துச் சொந்தக்காரனும் கணக்கில் உண்மையைவிட நெருக்கமாகத் தெரிவான். யார் எந்த வழி என்று பிரிக்க மறுபடியும் காகிதம்தான் வேண்டும்.

அப்புறம் அந்த ராஜேந்திர சோழன். 1025 வாக்கில் கடாரத்துக்கு, நம்ம கெடாவுக்கு, படையெடுத்தான், சரி. அந்தப் படையில் வந்தவர் வம்சம் என்று இந்த இழையில் இதுவரை எத்தனை பேர் கிளம்பியிருக்கிறீர்கள்! லண்டன் கிழக்குப் பகுதி நடிகர் டேனி டையரை 2016இல் பிபிசி மூன்றாம் எட்வர்டு மன்னனின் வம்சம் என்று காட்டியது. ஊரே வாயைப் பிளந்தது. அவ்வளவு தலைமுறை பின்னால் போனால் இங்கிலாந்தில் தடுக்கி விழுந்தவன் எல்லாம் எட்வர்டு பேரன்தான் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ராஜாவுக்குக் காகிதம் இருக்கிறது, அதனால் கோடு அவனிடம் போய் முடிகிறது. டையரின் மற்ற ஆயிரக்கணக்கான பாட்டன்கள் மாடு மேய்த்தவர்கள். அவர்களுக்குக் கோடு இல்லை.

13 நவம்பர் 2023

தீபாவளி முடிந்தது. முறுக்கு மிச்சம் இருக்கிறது, எழுதவும் மிச்சம் இருக்கிறது.

பிரபலம் எதற்கு, சாதாரண ஆளை வைத்தே எடுக்கலாமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. மைக்கேல் பார்க்கின்சன் என்ற பெரிய பேட்டியாளர், அவர் குடும்பத்தை ஆராய்ந்துவிட்டு, சுவாரசியம் இல்லை என்று பிபிசி கைவிட்டுவிட்டது. சுரங்கத் தொழிலாளி மகன். பார்க்கின்சனையே வேண்டாம் என்றவன், ஐந்தாம் லயன் பால்வெட்டுக்காரன் பேரனைத் தேடி வருவானா? யாராவது முகம் தெரிந்த ஆள் முன்னால் நின்றால்தான் பின்னால் இருக்கிறவனைப் பார்க்க ஆள் கூடும். எங்கள் வீட்டில் சீரியலை நிறுத்திவிட்டு மொய் நோட்டைப் பார்க்க என்னைத் தவிர யாரும் வரவில்லை.

அப்படி ஒரு கலைஞர் ஒத்துக்கொண்டாலும் எந்த இடத்தில் கதை முறியும் என்று எனக்குத் தெரியும். 1942இல், ஜப்பான்காரன் காலத்தில். அனிதா ராணி என்ற பிரிட்டிஷ் பஞ்சாபிப் பெண் 2015இல் வந்தார். பிரிவினைக் கலவரத்தில் தாத்தாவின் முதல் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்த கதை. பார்க்க நெஞ்சு கனத்தது. அந்தத் தாத்தா பட்டாளத்துக்காரர், எங்கே வேலை பார்த்தார் என்பதற்குப் பட்டாளத்தில் குறிப்பு இருக்கும். சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போன நம்மவர்களுக்கு? 415 கிலோமீட்டர் பாதை, 1943இல் முடித்தான் ஜப்பான்காரன். காஞ்சனபுரி மயானத்தில் ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகளுக்குப் பேர் பொறித்த கல் இருக்கிறது. தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றிப் போன தமிழர்கள் அதைவிடப் பல மடங்கு செத்தார்கள், கல் இல்லை. அப்பாவின் பெரியப்பா ஒருத்தர் போனார். "சயாமுக்குப் போனவர்" என்பதுதான் வீட்டில் அவருக்குப் பேர். உண்மைப் பேர் பாட்டிக்குத் தெரியும், ஆனால் மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், பேரைச் சொல்ல மாட்டாள். சொல்லாமலே போய்விட்டாள்.

14 நவம்பர் 2023

ஒன்று விட்டுப்போனது. பத்திரிகையில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்கள். இறந்தவர் படம், தேதி, கீழே மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று முழுக் குடும்பமும் வரிசையாக நிற்கும். தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019 வரை வந்தது. அத்தனை வருஷத்து அஞ்சலிகளையும் யாராவது உட்கார்ந்து பெயர்வாரியாகத் தொகுத்தால், எந்த டிவி கம்பெனியும் நம் வீட்டுக் கதவைத் தட்டும். காசு உள்ளவர்கள்தானே விளம்பரம் போட்டார்கள் என்று லூனாஸ் தம்பி என்னையே மடக்குவார். ஆமாம். அதற்கு மொய் நோட்டு.

18 நவம்பர் 2023

தைப்பிங் அண்ணன் தன் வீட்டிலும் ஒரு மொய் நோட்டு கிடைத்ததாகவும், பத்திரமாக இருக்க லேமினேட் செய்யப் போவதாகவும் எழுதியிருக்கிறார். அண்ணே, கடைக்காரி சொல்கிறேன், செய்யாதீர்கள். சூட்டில் பழைய மை பரவும், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்கவே முடியாது. தையலையும் பிரிக்காதீர்கள், பக்க வரிசை போய்விடும். கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாக, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் பின்னட்டையையும் சேர்த்து எடுங்கள், எங்கள் நோட்டில் பின்னட்டை வாய்ப்பாட்டுக்கு நடுவே பென்சிலில் கப்பல் டிக்கெட் விலை எழுதியிருக்கிறது. நோட்டைத் துணியில் சுற்றி வையுங்கள், ரசகற்பூரம் வேண்டாம். சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள், நகல் எடுத்துத் தருகிறேன். திங்கட்கிழமை கடை இல்லை.